பல் சொத்தை: ஜில் தண்ணீர் பட்டபின் வலி எத்தனை விநாடி இருக்கிறது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு 34 வயது. கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஜில் தண்ணீர் பட்டால் சுளீரென்கிறது. ஒரு டாக்டர் அடைத்தால் போதும் என்கிறார், இன்னொருவர் ரூட் கெனால் செய்யச் சொல்கிறார். ஏழு வயது மகளுக்கும் கடைவாயில் ஒரு பல்லில் கறுப்புக் கோடு இருக்கிறது. "பால் பல்தானே, விழுந்து முளைக்கும்" என்கிறார் மாமியார். சொத்தை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது, எதற்கு எந்த வைத்தியம், யார் பேச்சை நம்புவது?

நான் இருபது வருடங்களுக்கு மேலாகப் பல் வைத்தியம் பார்க்கிறவன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு டாக்டர்களில் ஒருவர் உங்களை ஏமாற்றப் பார்க்கிறார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சில பற்கள் அடைத்தாலும் பிழைக்கும், கைவிட்டும் போகும் என்கிற எல்லையில் நிற்கும். அங்கே ஒருவர் பொறுத்துப் பார்க்கலாம் என்பார், இன்னொருவர் இப்போதே முடித்துவிடலாம் என்பார். எந்தப் பக்கம் சாய்வது என்பதற்கு எக்ஸ்ரேயோடு சேர்த்து நான் அதிகம் நம்புவது ஒரு கேள்வியை. என் நாற்காலியில் உட்காருகிறவரிடம் "வலிக்கிறதா?" என்று கேட்டால் பாதிப் பேர் "இப்போ இல்லை டாக்டர்" என்பார்கள், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அதனால் "ஜில் தண்ணீரை விழுங்கின பிறகு வலி எத்தனை விநாடி இருக்கு?" என்றுதான் கேட்பேன். ஏன் விநாடிக் கணக்கு என்பது போகப் போகப் புரியும்.

சொத்தையை நம் ஊரில் பூச்சிப் பல் என்றும் சொல்வோம். எங்கள் ஊர்ச் சந்தையில் பல்லில் பூச்சி எடுக்கிறோம் என்று சொல்லி வரும் பெண்களைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். கண்டங்கத்திரி விதையைப் புகைத்துக் குழல் வழியாக வாய்க்குள் விட்டு, அப்புறம் உள்ளங்கையில் குட்டி குட்டியாய் வெள்ளைப் புழுக்களைக் காட்டுவார்கள். வலி குறைந்ததாகச் சொன்னவர்களும் உண்டு. ஆனால் பல்லில் புழு கிடையாது. பிரான்சின் பல் வைத்தியர் பியர் ஃபோஷார் 1728-லேயே, எத்தனையோ சொத்தைப் பற்களை உருப்பெருக்கி வைத்துத் தேடியும் புழுவைக் காணவில்லை என்று எழுதிவிட்டார். பல்லை அரிப்பது அமிலம். அந்த அமிலத்தைச் செய்வது பல்மேல் படியும் மாவு போன்ற படலத்தில் வாழும் பாக்டீரியாக்கள். அவற்றுக்கு நாம் போடும் தீனி சர்க்கரை.

இனிப்பு வாய்க்குள் போன சில நிமிடங்களில் அந்தப் படலத்துக்கு அடியில் அமிலத்தன்மை ஏறிவிடும். அமிலத்தை அளக்கும் பி.ஹெச். எண் (குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே இறங்கினால், பல்லின் வெளி ஓடான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியே வரத் தொடங்கும். பிறகு எச்சில் அந்த அமிலத்தைத் தணித்து, போன தாதுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொண்டுவந்து வைக்கும். இதற்கு அரைமணி நேரம் ஆகும், சிலருக்கு ஒரு மணி நேரமும் ஆகும். தினமும் நடக்கிற வரவு செலவு இது. செலவு கூடிக்கொண்டே போனால் சொத்தை.

எவ்வளவு இனிப்பு சாப்பிடுகிறோம் என்பதைவிட எத்தனை தடவை வாயில் போடுகிறோம் என்பதுதான் பல்லை அதிகம் பாதிக்கிறது. கல்யாணச் சாப்பாட்டில் இரண்டு ஜாங்கிரி சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுகிறவரைவிட, இரண்டு மணிக்கொரு சர்க்கரை டீ, கூடவே இரண்டு பிஸ்கட் என்று நாளை ஓட்டுகிறவரின் பல்தான் சீக்கிரம் போகும். இதை நிரூபித்த ஆய்வு ஒன்று ஸ்வீடனில் 1945-க்குப் பின் நடந்தது. லுண்ட் நகரில் இருந்த விபெஹோல்ம் மனநல இல்லத்து நோயாளிகளுக்குச் சாப்பாட்டுக்கு இடையே பல்லில் ஒட்டும் மிட்டாய்களை நிறையக் கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பாட்டோடு சேர்த்து இனிப்பு தின்றவர்களைவிட, இடையிடையே ஒட்டும் மிட்டாய் தின்றவர்களுக்குச் சொத்தை பல மடங்கு பெருகியது. சம்மதம் சொல்லத் தெரியாதவர்களின் பல்லைக் கெடுத்துக் கற்ற பாடம் அது. கல்லூரியில் அதைப் படித்தபோது யாரும் அந்தப் பக்கத்தைப் பற்றிப் பேசியதாக நினைவில்லை.

சரி, கட்டங்களுக்கு வருவோம்.

முதல் கட்டத்தில் ஓட்டை இருக்காது, வலி இருக்காது, கறுப்பும் இருக்காது. சுண்ணாம்புக் கட்டியால் லேசாகத் தேய்த்துவிட்டது போல ஒரு வெள்ளைத் திட்டு மட்டும் தெரியும், பெரும்பாலும் பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில். பல் ஈரமாக இருந்தால் அதுவும் தெரியாது. நான் காற்றுக் குழாயால் ஐந்து விநாடி ஊதிப் பல்லை உலர்த்துவேன். பளபளப்பாக இருந்த பல்லில் மங்கலாய் ஒரு வெள்ளைத் தழும்பு மெல்ல எழும்பும். எச்சில் பட்டதும் மறைந்துவிடும். வீட்டிலும் பார்க்கலாம். குழந்தையை வெளிச்சத்தில் உட்காரவைத்து, மேல் உதட்டைத் தூக்கி, சுத்தமான துணியால் பல்லைத் துடைத்துவிட்டு மொபைல் டார்ச்சை அடித்துப் பாருங்கள்.

இந்தக் கட்டத்தில் மேற்பரப்பு உடையவில்லை, அடியில்தான் தாது கரைந்திருக்கிறது. அதனால் இது திரும்பக்கூடியது. நாங்கள் படித்த காலத்தில் கூர்மையான கொக்கிக் கம்பியால் குத்திப் பார்ப்போம், மாட்டிக்கொண்டால் சொத்தை என்போம். அப்படிக் குத்துவதே அந்த மெல்லிய மேலோட்டை உடைத்துவிடும் என்பதால் இப்போது அதைத் தவிர்க்கிறோம். இங்கே தேவைப்படுவது ட்ரில் இல்லை. பல்மேல் பூசும் ஃப்ளூரைடு வார்னிஷ், தினம் இரண்டு வேளை ஃப்ளூரைடு பேஸ்ட், இடைத்தீனியைக் குறைப்பது, அவ்வளவுதான். சில மாதங்களில் திட்டு கெட்டிப்பட்டுப் பளபளப்பு திரும்பும். சிலருக்குப் பழுப்பாகவோ கறுப்பாகவோ ஒரு தழும்பாக நின்றுபோகும். அப்படிக் கெட்டியாய், வழுவழுப்பாய் நின்றுபோன கறுப்பு பழைய காயத்தின் வடு போன்றது, அதைத் தோண்டி அடைக்க வேண்டியதில்லை. வெற்றிலைக் கறையையும் டீக் கறையையும் சொத்தை என்று பயந்து வருகிறவர்கள் வாரம் இரண்டு பேராவது உண்டு.

ஃப்ளூரைடு என்றதும் சிலருக்குப் பயம். அந்தப் பயத்துக்கு நம் ஊரிலேயே காரணம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கொஞ்ச காலம் தருமபுரிப் பக்கம் இருந்தேன். அங்கே சில கிராமங்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாகப் பழுப்புக் கோடு விழுந்த பல்லோடு சிரிப்பார்கள். சொத்தை இல்லை அது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளூரைடு அளவுக்கு மீறி இருந்ததால், பல் உள்ளே உருவாகும்போதே வந்த கறை. அதற்காகத்தான் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை 2013-ல் திறந்தார்கள். ஆனால் வருடக்கணக்கில் குடிதண்ணீரில் விழுங்குவது வேறு, பல்மேல் தடவித் துப்புவது வேறு. பேஸ்ட் வாங்கும்போது அட்டையின் பின்புறம் ஃப்ளூரைடு எத்தனை பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று பாருங்கள். நம் நாட்டில் உச்ச வரம்பு 1000, அதை ஒட்டி இருப்பதை வாங்குங்கள். தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும். கொப்பளித்துக் கொப்பளித்துக் கழுவினால் காசு கொடுத்து வாங்கிய ஃப்ளூரைடு வாஷ்பேசினுக்குப் போகும். மூன்று வயதுக்குள் அரிசி அளவு பேஸ்ட், ஆறு வயது வரை பட்டாணி அளவு. விழுங்காமல் துப்புகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்று குச்சியில் தேய்க்கிறவர்களை நான் தடுப்பதில்லை, படலம் அதிலும் போகும். ஃப்ளூரைடு மட்டும் அதில் கிடைக்காது.

அடுத்த கட்டம் எனாமலைத் தாண்டி டென்டினுக்குள் போவது. எனாமல் உடம்பிலேயே கடினமான பொருள், அதில் தாது மட்டும் சுமார் 96 சதவீதம். அதற்குக் கீழே உள்ள டென்டின் மஞ்சளானது, அவ்வளவு கெட்டி இல்லை. அதனால் சொத்தை டென்டினைத் தொட்டதும் பக்கவாட்டில் பரவும். வெளியே குண்டூசி முனை அளவு துளை, உள்ளே புளியங்கொட்டை புகும் பொந்து. மேலே எனாமல் கூரை மட்டும் நிற்கும். ஒரு நாள் முறுக்கைக் கடிக்கும்போது அந்தக் கூரை இடிந்து விழும். "நேத்து வரைக்கும் பல் நல்லாத்தான் டாக்டர் இருந்துச்சு, முறுக்குதான் உடைச்சிருச்சு" என்பார்கள். பாவம், முறுக்கு.

இந்தக் கட்டத்துக்கு அடையாளங்கள் உண்டு. இனிப்பு பட்டால் கூசும். ஒரே இடத்தில் கீரை நாரோ கறி நாரோ தினமும் மாட்டும். இரண்டு பல்லுக்கு நடுவே சுத்தம் செய்யும் இழையை (ஃப்ளாஸ்) விட்டால் அது நார் நாராகப் பிய்ந்து வரும். பல்லின் மேல்விளிம்பில் சாம்பல் நிற நிழல் தெரியும். இரண்டு பல்லுக்கு நடுவே வரும் சொத்தையைக் கண்ணால் பார்ப்பது எங்களுக்கே கடினம், பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு எடுக்கும் சிறு எக்ஸ்ரேயில்தான் அது தெரியும். பல் எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு மிகக் குறைவு, அதற்குத் தயங்க வேண்டாம்.

வைத்தியம் அடைப்பதுதான். மெத்தென்று ஆன பகுதியைச் சுரண்டிவிட்டு, பல் நிறத்தில் இருக்கும் காம்போசிட் என்கிற பிசினை வைத்து நீல வெளிச்சத்தில் இறுக வைப்போம். ஈரம் வற்றாத இடங்களிலும் குழந்தைகளுக்கும் கிளாஸ் அயனாமர் சிமென்ட் நல்லது, அது பல்லோடு தானே ஒட்டும், கொஞ்சம் ஃப்ளூரைடையும் விடும். முன்பு சொத்தை என்று சந்தேகம் இருக்கிற கடைசித் துணுக்கு வரைக்கும் தோண்டுவோம். இப்போது ஆழமான சொத்தையில் பல்லின் நடுவில் நரம்பு இருக்கும் உயிர்ப்பகுதிக்குப் பக்கத்தில் உள்ள மெல்லிய அடுக்கை வேண்டுமென்றே விட்டுவிட்டு, ஓரங்களை மட்டும் சுத்தமாக்கி இறுக மூடிவிடுகிறோம். உள்ளே மாட்டிய கிருமிக்குச் சர்க்கரை வராது, சொத்தை அங்கேயே அடங்கிவிடும். உயிர்ப்பகுதி திறந்துகொள்ளும் ஆபத்தும் குறைகிறது. இந்த முறை உங்கள் பல்லுக்குப் பொருந்தலாம். அடைத்தபின் சில நாட்கள் கூச்சம் இருப்பது வழக்கம், அது நாளுக்கு நாள் குறைய வேண்டும்.

இப்போது அந்த விநாடிக் கணக்கு. டென்டினுக்கு உள்ளே பல்லின் நடுவில் ஒரு சிறு அறை இருக்கிறது. நரம்பும் இரத்தக் குழாய்களும் சேர்ந்த கூழ் அதில் இருக்கும், நாம் சாதாரணமாக "பல் நரம்பு" என்கிறோம். உடம்பில் வேறெங்கே அடிபட்டாலும் அந்த இடம் வீங்க இடம் உண்டு. பல்லுக்குள் இல்லை, நாலு பக்கமும் கெட்டிச் சுவர். இரத்தம் ஏறினால் அழுத்தம் கூடும், நரம்பு நசுங்கும். தொடக்கத்தில் கூழ் எரிச்சலோடு நிறுத்திக்கொள்ளும்: ஜில்லென்று பட்டதும் சுளீர், விழுங்கின சில விநாடிகளில் சரியாகிவிடும், தானாக வலி வராது. இந்த நிலை திரும்பக்கூடியது, அடைத்தால் கூழ் ஆறிக்கொள்ளும். அரை நிமிடத்துக்கு மேல் வலி இழுத்துக்கொண்டே போனால், சும்மா இருக்கும்போதே வந்தால், தூக்கத்தைக் கலைத்தால், கூழ் பெரும்பாலும் கைவிட்டுப் போய்விட்டது. படுத்ததும் தலைப்பக்கம் இரத்தம் ஏறுவதால்தான் இரவில் வலி கூடுகிறது.

இதன் உச்சத்தை ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஒரு சித்திரை மாத மதியம், லாரி ஓட்டும் ஒருவர் வந்தார். கையில் ஐஸ் தண்ணீர் பாட்டில். பேச மாட்டார். ஒரு மடக்கு வாயில் வாங்கி இடப்பக்கம் ஒதுக்கி வைத்துக்கொள்வார். அது சூடாகிற வரை முகம் தெளிவாக இருக்கும். சூடானதும் கண் இடுங்கும், துப்பிவிட்டு அடுத்த மடக்கு. இரண்டு ராத்திரி இப்படியே கழித்திருக்கிறார். சூட்டில் துடித்து, ஜில்லில் அடங்குகிற பல் என்றால் உள்ளே கூழ் அழுகிக்கொண்டிருக்கிறது. மரத்துப்போகும் ஊசி போட்டு அந்த அறையைத் திறந்ததும், அழுத்தம் இறங்கி, நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். உதவியாளர் எழுப்பப் போனார், பத்து நிமிடம் விடச் சொன்னேன்.

இந்த நிலையில் எந்தப் பல் என்று நோயாளிக்கே தெரியாமல் போவதும் உண்டு. கீழ்ப் பல் கெட்டிருக்கும், மேலே வலிக்கிறது என்பார். காதுவலி என்று காது டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. இங்கே ஒரு எச்சரிக்கை. நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ கீழ்த்தாடை வலித்து, உட்கார்ந்ததும் விட்டால், அதுவும் வியர்வையோடோ நெஞ்சு அழுத்தத்தோடோ வந்தால், பல் டாக்டரைத் தேடாதீர்கள். அது இதயத்திலிருந்து வருகிற வலியாக இருக்கலாம், பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள்.

கூழ் கெட்டுவிட்டால் இரண்டு வழிதான்: ரூட் கெனால் அல்லது பல்லைப் பிடுங்குவது. ரூட் கெனாலில் என்ன செய்கிறோம் என்று யாரும் விளக்கிச் சொல்லாததால்தான் பயம் அதிகம். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் பொதுவாக வேர் இரண்டு, அதற்குள் கால்வாய் மூன்று, சிலருக்கு நான்கு. தலைமுடி கனத்திலிருந்து தொடங்கி, வளைந்து கொடுக்கும் சிறு அரங்களை உள்ளே விட்டு, கெட்டுப்போன கூழை எடுத்து, கிருமியைக் கொல்லும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் கழுவி, கட்டா பெர்ச்சா என்கிற ரப்பர் போன்ற பொருளால் வேர் நுனி வரை அடைப்போம். மலேயா, இந்தோனேசியப் பக்கத்து மரம் ஒன்றின் பாலிலிருந்து வருகிறது அது. ஊசி சரியாக வேலை செய்தால் வலிக்காது. வீங்கிச் சீழ் கோத்த பல்லில் மட்டும் ஊசி மந்தமாக வேலை செய்யும், தள்ளிப்போட்டு வருகிறவர்கள் அதிகம் கஷ்டப்படுவது அதனால்தான். "நரம்பை எடுத்துட்டா பல் செத்திரும், விழுந்திரும்" என்பது தவறு. பல்லைத் தாடையில் பிடித்து வைத்திருப்பது வெளியே வேரைச் சுற்றியுள்ள நார்கள், அவை இருந்துகொண்டே இருக்கும். ஆனால் சொத்தையும் ட்ரில்லும் சேர்ந்து பல்லை உள்ளீடற்ற கூடாக்கியிருக்கும். அதனால் கடைவாய்ப் பல்லுக்கு மேலே கேப் போட வேண்டும். ரூட் கெனாலோடு நிறுத்திக்கொண்டு, கேப்புக்கு அடுத்த மாதம் வருகிறேன் என்று போய், பல் இரண்டாகப் பிளந்து வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பிளவு வேருக்குள் இறங்கிவிட்டால் செய்த செலவெல்லாம் வீண், பிடுங்கத்தான் வேண்டும்.

செலவுக்குப் பயந்துதான் பலர் பிடுங்கச் சொல்கிறார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் வெளி கிளினிக்கைவிடக் குறைந்த செலவில் செய்வார்கள். மாணவர்கள் செய்வதால் நேரம் பிடிக்கும், மூன்று நான்கு தடவை அலைய வேண்டியிருக்கும், பக்கத்தில் பேராசிரியர் நின்று பார்ப்பார். பிடுங்கியே ஆக வேண்டுமென்றால், முதல் 24 மணி நேரம் கொப்பளிக்காதீர்கள், ஸ்ட்ரா வைத்து உறிஞ்சாதீர்கள், பீடி சிகரெட் வேண்டாம். குழியில் உறைந்த இரத்தம்தான் காயத்துக்கு மூடி.

கடைசிக் கட்டம் பெரும்பாலும் ஒரு நிம்மதியோடு தொடங்கும். வாரக்கணக்கில் படுத்திய வலி ஒரு நாள் காலையில் இருக்காது. உப்புத் தண்ணீர் கேட்டது, கிராம்பு கேட்டது, மாத்திரை கேட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் நரம்பு செத்துவிட்டது, வலியைச் சொல்ல ஆள் இல்லை. கிருமி வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். இப்போது ஜில்லும் தெரியாது, சூடும் தெரியாது. கடித்தால் மட்டும் வலிக்கும், பல் கொஞ்சம் உயர்ந்து நிற்பது போல இருக்கும். ஈறில் பரு மாதிரி ஒரு கொப்புளம் வந்து உடைந்து, உப்புக் கரிக்கிற சீழ் வரும், மறுபடி வரும். அந்தப் பரு வலிக்காது என்பதால் மாதக்கணக்கில் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

இந்த நிலையிலும் ரூட் கெனாலால் பல பற்களைக் காப்பாற்றலாம். ஆண்டிபயாடிக் மட்டும் போட்டு ஓட்ட முடியாது. செத்த கூழுக்கு இரத்த ஓட்டமே இல்லை, மருந்து அங்கே எப்படிப் போகும்? மெடிக்கலில் "பல்வலிக்கு ஒரு செட்" என்று வாங்கிப் போடும் மாத்திரைகளில் வலியைக் குறைப்பது வலி மாத்திரைதான், கூட இருக்கும் ஆண்டிபயாடிக் பெரும்பாலும் வீண். வீக்கமும் காய்ச்சலும் இருந்தால் கதை வேறு, அப்போது டாக்டர் எழுதிக் கொடுப்பார். அதுவும் சீழை வெளியேற்றுவதோடு சேர்த்துத்தான். வீங்கிய கன்னத்தில் சூட்டு ஒத்தடம் கொடுக்காதீர்கள். தாடைக்கு அடியில் இருபுறமும் பலகை போல இறுகி வீங்கினால், வாய் திறக்க முடியாவிட்டால், எச்சில் விழுங்கக் கஷ்டமாக இருந்தால், நாக்கு மேலே தள்ளினால், குரல் மாறினால், நடு ராத்திரியானாலும் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஜெர்மனியின் லுட்விக் என்கிற டாக்டர் 1836-ல் விவரித்த நோய் இது, அவர் பெயரால்தான் இன்றும் அழைக்கிறோம். மூச்சுக்குழலை அடைத்துவிடும். பெரும்பாலும் ஒரு கீழ்க் கடைவாய்ச் சொத்தையில்தான் இது தொடங்குகிறது.

கிராம்பைப் பற்றி நான் ஏளனமாகப் பேச மாட்டேன். அதில் இருக்கும் யூஜினால் என்கிற பொருள் நிஜமாகவே மரத்துப்போக வைக்கும், எங்கள் தற்காலிகச் சிமென்ட்டிலும் அதுதான் இருக்கிறது. பஞ்சில் ஒரு சொட்டு கிராம்பு எண்ணெயை நனைத்து ஓட்டைக்குள் வையுங்கள். எண்ணெயை ஈறு முழுக்கத் தடவினால் வெந்து போகும். ஆஸ்பிரின் மாத்திரையைப் பல் பக்கத்தில் ஒதுக்கி வைப்பதும் அப்படித்தான், கன்னத்தின் உள்தோல் வெள்ளையாய் வெந்து உரிந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். டாக்டரைப் பார்க்கிற வரை பாரசிட்டமால் போதும். இப்யூப்ரோஃபென் இன்னும் நன்றாகக் கேட்கும், ஆனால் அல்சர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டெங்கு சந்தேகம் உள்ளவர்களும் தொடக் கூடாது.

இனி உங்கள் மகள். மாமியார் சொல்வது பாதி சரி, அந்தப் பல் பால் பல்லாக இருந்தால். ஆனால் ஆறு வயதை ஒட்டி, எந்தப் பால் பல்லும் விழாமலே, கடைசிப் பால் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் ஒரு புதுப் பல் சத்தமில்லாமல் முளைக்கும். அது வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டிய நிரந்தரப் பல். விழுந்து முளைக்கவில்லை என்பதால் வீட்டில் எல்லாரும் அதைப் பால் பல் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். முளைத்த புதிதில் எனாமல் முழுசாக முற்றியிருக்காது, மேலே குழிகள் ஆழம், பிரஷ் எட்டாத மூலை. சீக்கிரம் கெட்டுப்போவது அந்தப் பல்தான். கண்டுபிடிப்பது சுலபம்: முன்பற்களின் நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கமாக எண்ணுங்கள். பால் பற்கள் ஒரு பக்கத்துக்கு ஐந்துதான். ஆறாவதாக ஒன்று இருந்தால் அது நிரந்தரப் பல்.

கறுப்புக் கோடு அதில் இருந்து, குழிக்குள் வெறும் கறையாக மட்டும் இருந்தால், மேலே சீலன்ட் என்று ஒரு பூச்சு போட்டுக் குழிகளை மூடிவிடலாம். ட்ரில் வேண்டாம், ஊசி வேண்டாம், சில நிமிட வேலை. மெத்தென்று ஆகியிருந்தால் அடைக்க வேண்டும். பால் பல்லாகவே இருந்தாலும் அசட்டை வேண்டாம். பால் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை, கீழே வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பவை. முன்கூட்டியே போனால் பக்கத்துப் பல் சாய்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும், பிற்பாடு கம்பி போட வேண்டி வரும். நாற்காலியில் உட்கார மறுக்கும் குழந்தைக்குச் சில்வர் டயமைன் ஃப்ளூரைடு என்று ஒரு மருந்தைத் தொட்டு வைத்தால் சொத்தை பெரும்பாலும் அங்கேயே நிற்கும். ஒரே குறை, சொத்தை இருந்த இடம் மை பூசியது போலக் கறுத்துப் போகும். அதை முன்கூட்டியே சொல்லாமல் போட்டுவிட்டு ஒரு அம்மாவிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது. வீட்டில் இன்னும் சிறு குழந்தை இருந்தால், பால் பாட்டிலோடு தூங்க வைக்காதீர்கள். தூக்கத்தில் எச்சில் குறைவு, பால் மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்கி நிற்கும். நாக்கு மூடிக்கொள்வதால் கீழ் முன்பற்கள் தப்பித்துக்கொள்ளும். மேல்வரிசை மட்டும் அரித்து முளைகளாய் நிற்கிற வாயைப் பார்த்தாலே பாட்டில் கதை எங்களுக்குத் தெரிந்துவிடும்.

உங்கள் பல்லுக்கு வருகிறேன். இன்று ராத்திரி ஃப்ரிட்ஜ் தண்ணீர் ஒரு மடக்கு வாங்கி அந்தப் பல் பக்கம் ஒதுக்கி, விழுங்கிவிட்டு மொபைலில் விநாடியைப் பாருங்கள். பத்து விநாடிக்குள் சுவடில்லாமல் போய்விடுகிறது, தானாக வலிப்பதில்லை, கடித்தால் வலியில்லை என்றால் அடைக்கச் சொன்னவர் பக்கம் நான் சாய்வேன். இழுத்துக்கொண்டு போனாலோ ராத்திரி எழுப்பினாலோ இன்னொருவர் சொன்னதுதான். ஒன்றுமே தெரியாமல் மரக்கட்டை மாதிரி இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், சீக்கிரம் போங்கள். டாக்டரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: எக்ஸ்ரேயில் சொத்தைக்கும் கூழ் அறைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள், ஜில் பஞ்சு வைத்துப் பக்கத்துப் பல்லோடு ஒப்பிட்டுப் பார்த்தாரா, லேசாகத் தட்டிப் பார்த்தாரா. மூன்றையும் செய்து, படத்தைத் திரையில் வைத்து விளக்குகிறவர் எந்தப் பக்கம் சொன்னாலும் நம்பலாம். அடைத்துப் பார்ப்பதென்று முடிவானால், ஆறு மாதத்துக்குள் அந்தப் பல் ரூட் கெனாலுக்குத் திரும்பி வரவும் வாய்ப்பு இருக்கிறது என்று அவர் முன்பே சொல்ல வேண்டும், நீங்களும் அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

மகளைக் கூட்டிப் போகும்போது மாமியாரையும் அழைத்துப் போங்கள். குழந்தையின் வாயில் சிறு கண்ணாடியை வைத்து, ஒன்று, இரண்டு என்று மாமியாரையே எண்ண வைக்கும்படி டாக்டரிடம் சொல்லுங்கள். ஐந்தோடு நிற்கிறதா, ஆறாவதும் இருக்கிறதா என்று அவரே பார்த்துவிடுவார்.